சானடோரியமா? குடிசையா?

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் அன்றாடம் தொங்கிக்கொண்டு வேலைக்குச் செல்லும் தோழர்களுக்கு அந்த நிலையத்தின் பெயர் மனப்பாடம். குரோம்பேட்டை தாண்டினால் தாம்பரம் சானடோரியம். இறங்குவோர் இறங்குவர், ஏறுவோர் ஏறுவர். சானடோரியம் என்றால் என்ன, அது எப்படி ஒரு ரயில் நிலையத்துக்குப் பெயராயிற்று என்று கேட்க நேரம் ஏது? ஆலைச் சங்கு நமக்காகக் காத்திருக்குமா?

காசநோய் கண்டவர்களை வைத்துப் பராமரிக்க டாக்டர் சௌரி முத்து 1928இல் அங்கே நிறுவிய விடுதியின் பெயர்தான் அது. ஊருக்கு வெளியே, மரநிழலில், காற்று தாராளமாக வீசும் இடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைப்பார்கள். பால் தருவார்கள், முட்டை தருவார்கள். அசையாதே, உழைக்காதே, கவலைப்படாதே என்பார்கள். மருந்து இல்லாத காலத்தில் மருத்துவ உலகம் அறிந்திருந்த மருந்து அவ்வளவுதான். ஓய்வு, உணவு, தூய காற்று.

அசையாதே என்றால் மூட்டை தூக்குபவன் என்ன செய்வான்? கவலைப்படாதே என்றால், நான்கு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்த தாய் எப்படிக் கவலைப்படாமல் இருப்பாள்? அப்படியே மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு சானடோரியத்தின் வாசலுக்கு வந்தாலும் கட்டில் இருந்ததா? நாட்டில் நோயாளிகள் பல இலட்சம். கட்டில்களோ சில ஆயிரம். கட்டில் கிடைக்கும்வரை காத்திரு என்றார்கள். காத்திருந்தவர்களில் பலர் கட்டிலுக்குப் போகவில்லை, காட்டுக்குப் போனார்கள்.

வசதி படைத்தோர் கடல் கடந்தனர். நேருவின் துணைவியார் கமலா அம்மையார் இந்நோய்க்குச் சிகிச்சை பெற ஐரோப்பா சென்று, 1936இல் சுவிட்சர்லாந்து நாட்டு லொசான் நகரிலே மறைந்தார். அவ்வளவு வசதியும் அந்த அம்மையாரைக் காக்கவில்லை. பனிமலைக் காற்றாலும் கிருமியைக் கொல்ல முடியவில்லை.

கிருமி என்கிறோம். அதை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் கண்ணால் கண்டு உலகுக்குச் சொன்னது 1882ஆம் ஆண்டு. அதற்கு முன் நம் நாட்டில் என்ன சொல்லி வைத்திருந்தார்கள்? சந்திரனுக்கு இருபத்தேழு மனைவியராம். அதில் ரோகிணி ஒருத்தியிடமே அவன் மயங்கிக் கிடந்தானாம். மற்றப் பெண்கள் தகப்பன் தட்சனிடம் போய் அழ, மாமனார் மருமகனுக்குச் சாபம் கொடுத்தானாம்: தேய்ந்து போ என்று. அப்படி வந்ததாம் க்ஷயரோகம்! சந்திரனாவது இருபத்தேழு கட்டினான். ஒருத்திக்குக் கஞ்சி ஊற்றவே முடியாமல் தவிக்கும் நெசவாளித் தோழனுக்கு ஏன் வந்தது என்று கேட்டால், முற்பிறப்பில் செய்தது என்று பதில் தயாராக இருக்கும். கோக் காட்டிய பிறகும் இந்தக் கதை நம் வீட்டுத் திண்ணைகளில் செத்துவிடவில்லை.

கதை கிடக்கட்டும். நாம் இன்று எழுத வந்தது ஒரு வழக்கைப் பற்றி. மாளிகைக்கும் குடிசைக்கும் நடந்த வழக்கு. வாதி, பிரதிவாதி, சாட்சி, தீர்ப்பு எல்லாம் உண்டு. கறுப்பு அங்கி மட்டும் இல்லை. வழக்கு நடந்த இடம் நம் சென்னையில், சேத்துப்பட்டில்.

அந்த வழக்கை விளக்குமுன் அதற்கு முந்திய ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். ஸ்டிரெப்டோமைசின் என்ற மருந்து 1943இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. போரில் இளைத்துப்போன பிரிட்டனிடம் அதை வேண்டுமட்டும் வாங்க டாலர் இல்லை. இருந்த கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது? பிரபுக்களுக்கா? சிபாரிசுக் கடிதம் கொண்டு வந்தவர்களுக்கா? அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர் ஒரு நேர்மையான முடிவுக்கு வந்தார்கள். எல்லாருக்கும் கொடுக்க முடியாது; ஆகவே இந்த மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்போம்.

107 நோயாளிகள். எல்லாரும் இளம் வயதினர். இரு நுரையீரலும் கெட்டவர்கள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வுடன் மருந்து. 52 பேருக்கு ஓய்வு மட்டும். யார் எந்தப் பக்கம் என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளிவிவர அறிஞர் குலுக்கல் முறையில் எழுதி ஒட்டிய உறைகள் தீர்மானித்தன. உறையைப் பிரித்தால்தான் தெரியும்.

இதில் என்ன பெரிய விந்தை என்று கேட்கலாம். தோழர்களே, எண்ணிப் பாருங்கள். மருத்துவர் கையில் தேர்வை விட்டால் என்ன ஆகும்? பிழைக்கக்கூடியவன் என்று தோன்றுபவனுக்கு மருந்து கொடுப்பார். அவன் பிழைத்ததும் மருந்தின் புகழ் பாடுவார். மருந்தில்லாமலே அவன் பிழைத்திருப்பானா என்பது யாருக்கும் தெரியாது. சாமியாடி கொடுத்த விபூதியில் காய்ச்சல் நின்றது என்பதும் இதே கணக்குத்தான். நின்றவர்கள் வந்து சொல்கிறார்கள். நிற்காதவர்கள் எங்கே வந்து சொல்வது? குலுக்கல் அந்தப் பித்தலாட்டத்துக்கு இடம் வைக்காது. இரு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள். வேறுபாடு மருந்து ஒன்றுதான். பிறகு எண்ணு. சாதி பார்க்காதே, சாத்திரம் பார்க்காதே, பட்டம் பெற்ற பேராசிரியர் பேச்சைக்கூடப் பார்க்காதே. எண்ணிப் பார்!

எண்ணினார்கள். ஆறு மாதத்தில், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் மாண்டனர். மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர். 1948இல் இம்முடிவு அச்சேறியது. மருந்து பெறாதவர்களுக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருப்பதே சொல்லப்படவில்லை. அது சரியல்ல, இன்று அப்படிச் செய்ய எந்த நாட்டுச் சட்டமும் விடாது.

அதே 1948இல்தான் நம் சிறுகதை மேதை புதுமைப்பித்தன் இந்நோய்க்கு இரையானார். வயது 42. அங்கே உறையைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். இங்கே நம் எழுத்தாளன் இருமிக்கொண்டிருந்தான்.

ஆறு மாதத்து வெற்றியோடு கதை முடிந்துவிடவில்லை. ஐந்தாண்டு கழித்து மறுபடியும் எண்ணினார்கள். மருந்து பெற்றவர்களில் 32 பேர் இறந்திருந்தனர். பெறாதவர்களில் 35 பேர். ஏன் இந்தச் சரிவு? ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது. போலீஸ்காரனுக்குப் பழகிய கேடி போல! இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் தப்ப வழியில்லை என்பது அடுத்தடுத்த சோதனைகளில் தெரிந்தது. பி.ஏ.எஸ். வந்தது, 1952இல் ஐசோனியசிட் என்ற மலிவான மாத்திரை வந்தது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே என்று மருத்துவமனையில் படித்துப் படித்துச் சொல்கிறார்களே, அது அதிகாரிகளின் வறட்டு விதி அன்று. 1948இல் மருந்து கிடைத்தும் மாண்டுபோனவர்கள் எழுதி வைத்த விதி.

இனிச் சென்னைக்கு வருவோம்.

மருந்து வந்துவிட்டது. ஆனால் சிகிச்சை சானடோரியத்துக்குள்தான் என்பது பெரியவர்களின் தீர்ப்பு. குடிசையில் வாழ்பவனுக்கு மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினால் என்னவாகும்? தின்னமாட்டான், விற்றுவிடுவான், வேலைக்குப் போய்விடுவான், நல்ல சாப்பாடு இல்லாமல் செத்துப்போவான், போகுமுன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போவான்! இப்படி ஐந்து குற்றச்சாட்டு. ஐந்துக்கும் சாட்சியம் ஒன்றுகூடக் கிடையாது. நூற்றாண்டுப் பழக்கம் மட்டுமே சாட்சி.

1956இல் சேத்துப்பட்டில் ஒரு மையம் திறந்தார்கள். காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் என்பது அதன் அன்றைய பெயர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, நான்கும் கூடி நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1961 வரை சென்னையில் தங்கி வழிகாட்டினார். வெள்ளைக்காரர் வந்தார் என்பதற்காக நாம் விழுந்து கும்பிடவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். வந்தவர் என்ன கேட்டார் என்பதே முக்கியம். சென்னையின் ஏழைக்குச் சென்னையின் ஏழையிடமே விடை தேடினார்.

193 நோயாளிகள். மாளிகைவாசிகள் அல்லர். நெருக்கடியான தெருக்களில், ஒரே அறையில் குடும்பம் முழுதும் முடங்கிக் கிடக்கும் வீடுகளில் வாழ்ந்தவர்கள். குலுக்கல் முறையில் இரு பிரிவு. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓராண்டு. மறு பிரிவினர் தம் வீட்டிலேயே ஓராண்டு. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட், பி.ஏ.எஸ். இந்த பி.ஏ.எஸ். இலேசான சரக்கல்ல. நாள்தோறும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், குமட்டும், வயிற்றைப் புரட்டும். அதை வீட்டிலிருந்தபடி ஓராண்டு விழுங்குவது பெரிய தவம். நாம் தவம் என்ற சொல்லை எளிதில் பயன்படுத்துவதில்லை, இங்கே பொருந்துகிறது.

வீட்டுப் பிரிவினர் மையத்துக்கு வந்து மாத்திரை வாங்கிப் போவார்கள். மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். மாத்திரைகளை எண்ணுவார்கள். சிறுநீரை வாங்கிச் சோதிப்பார்கள். மருந்து உள்ளே போயிருந்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சந்துகளில் வெயிலிலும் மழையிலும் நடந்து, மருத்துவப் பட்டம் இல்லாமல், மாத்திரை எண்ணிய அந்த ஊழியர்களுக்கு எந்தச் சதுக்கத்திலும் சிலை கிடையாது.

ஓராண்டு முடிந்தது. 1959இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சளியில் கிருமியற்றவர்களாயினர். குடிசையில்? அங்கும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல்! சானடோரியத்துப் பக்கம் ஒரு சிறு முன்னிலை, அவ்வளவே. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது அந்த வேறுபாடும் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை.

அந்த முடிவின் கனத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு. உடம்பில் சதை பிடித்தது. வீட்டில் இருந்தவர்கள் முன்பு தின்ற அதே கஞ்சியைத் தின்றார்கள், அதே அறையில் படுத்தார்கள், உடம்பு தேறியதும் உழைக்கவும் போனார்கள். எடையும் அவ்வளவு ஏறவில்லை. ஆயினும் கிருமி செத்தது! கொன்றது கட்டிலும் அல்ல, காற்றும் அல்ல. மாத்திரை. தவறாமல் விழுங்கப்பட்ட மாத்திரை.

ஏழை மாத்திரை தின்னமாட்டான் என்றார்களே? சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடியது சானடோரியத்துப் பிரிவில்தான் அதிகம். ஓடாமல் என்ன செய்வான்? வீட்டில் அடுப்பெரிகிறதா என்று தெரியாத மனிதன் மரநிழலில் எத்தனை நாள் படுத்திருப்பான்?

பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவான் என்றார்களே? இரு பிரிவின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டு கண்காணித்தார்கள். வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. கொடுக்க வேண்டியதை அவன் சிகிச்சை தொடங்குமுன்பே, நோய் என்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்தபோதே கொடுத்திருந்தான். மருந்து தொடங்கிய பின் அவனால் வரும் ஆபத்து விரைவில் குறைந்துவிடுகிறது. அப்படியானால் அவனைத் தனித் தட்டு, தனிக் குவளை, தனித் திண்ணை என்று ஒதுக்கி வைப்பதற்கு அறிவியலில் என்ன ஆதாரம்? ஒதுக்கி வைப்பது இந்த நாட்டில் ஒரு நோய். அதற்குக் கிருமி வேறு.

வழக்கு தள்ளுபடியாயிற்று. குடிசை விடுதலையாயிற்று. காசநோய்க்குக் கட்டில் கட்டாயமில்லை என்ற முடிவைச் சேத்துப்பட்டு உலகுக்குச் சொன்னது. நாடு நாடாகச் சானடோரியங்கள் வெறுமையாயின. நாட்டுக் காசநோய்த் திட்டம் 1962இல் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாக வைத்தே எழுந்தது. ஊழியர் முன்னிலையில் வாரம் இருமுறை மருந்து கொடுத்தாலும் போதும் என்று அதே மையம் 1960களில் காட்டியது. பின்னாளில் உலகமெங்கும் பரவிய, நேரில் பார்த்து மாத்திரை கொடுக்கும் முறைக்கு அதுவும் ஒரு வேர். ஓராண்டுச் சிகிச்சையை ஆறு மாதமாகச் சுருக்கிய சோதனைகள் 1970களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்தன. எந்த மாத்திரைக்கும் அடங்காத முரட்டுக் கிருமிக்கு, ஒன்றரை ஆண்டு, இரண்டாண்டு ஊசியும் மாத்திரையுமாக இழுத்தது போய், ஆறு மாத மாத்திரை முறை ஒன்றைத் தென்னாப்பிரிக்காவில் 109 பேரிடம் சோதித்து, பத்தில் ஒன்பது பேர் தேறினர் என்று 2020இல் அறிவித்தார்கள். சேத்துப்பட்டு மையத்துக்கு இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர்.

இதே தராசில் அரசாங்கத்தின் சரக்கையும் நிறுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நாம் பாதி உண்மை சொன்னவர்களாவோம். பி.சி.ஜி. ஊசியை நாடெங்கும் போட்டார்கள் அல்லவா? 1955இல் ஆச்சாரியார் அதை எதிர்த்து நூலே எழுதினார். அரசினர் ஊசி நல்லது என்றனர். ஆச்சாரியார் ஆகாது என்றார். இரு தரப்பும் நம் மண்ணில் சோதித்துப் பார்த்துப் பேசவில்லை. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே சோதனை தொடங்கியது. 1979இல் முடிவு: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை! அரசுப் பணத்தில், அரசு ஊசியை, அரசு ஆராய்ச்சியாளர்களே சோதித்து, பயனில்லை என்று அச்சிட்டார்கள். அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறோம். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய வகையை அது தடுக்கிறது என்பதால் பச்சிளங் குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறார்கள்; போட வேண்டும். ஆச்சாரியார் வாக்குப் பலித்ததே என்று யாராவது புறப்படலாம். பலித்தது வேறு, நிரூபித்தது வேறு. ஓடாத கடிகாரமும் நாளைக்கு இருமுறை சரியான மணி காட்டும்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறோம். 1959 முடிவைச் சிலர் திரித்துவிட்டனர். சாப்பாடு சரியில்லாமலே ஏழைக்குக் குணமாகிவிட்டது. ஆகவே அவனுக்கு மாத்திரை போதும், சோறு பற்றிய பேச்சு எதற்கு என்று கைகழுவ அது வசதியாகப் போயிற்று. சேத்துப்பட்டு சொன்னது அதுவன்று. சோறு இல்லை என்ற காரணத்தைக் காட்டி அவனுக்கு மருந்தை மறுக்காதே என்றது. சோறு வேண்டாம் என்று சொல்லவில்லை. சோறில்லாத வீட்டுக்கு நோய் ஏன் தேடி வருகிறது என்ற கேள்வியை அந்தச் சோதனை கேட்கவே இல்லை.

அறுபதாண்டு கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். ஜார்க்கண்ட் மாநிலத்தில், நான்கு மாவட்டங்களில், 2019இல் தொடங்கிய சோதனை அது. சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. ஆதிவாசி மக்கள் நிறைந்த பகுதி. 2,800 நோயாளிகள். அவர்களில் பத்தில் எட்டுப் பேர் இருக்க வேண்டிய எடை இல்லாதவர்கள். எல்லா நோயாளிக்கும் மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருள். அவர்களுடைய வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும், குலுக்கல் முறையில், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், கூடச் சத்து மாத்திரையும். மற்றப் பிரிவு வீட்டாருக்கு அது இல்லை. மொத்தம் வீட்டார் 10,345 பேர். 2022 வரை கண்காணித்து எண்ணினார்கள்.

2023 ஆகஸ்டில் முடிவு வந்தது. உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் கண்டது நூற்றுக்கு 39 பங்கு குறைவு. சளிச் சோதனையில் உறுதியான நுரையீரல் நோயை மட்டும் எடுத்தால் 48 பங்கு குறைவு. ஏறக்குறையப் பாதி! எந்தத் தடுப்பூசி? எந்த அமெரிக்க மருந்து? எந்த மலைக்காற்று? அரிசி, தோழர்களே, அரிசியும் பருப்பும்! ஏறத்தாழ 30 குடும்பத்துக்கு அரிசி பருப்பு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நோயாளிகளிடையே கண்டது இன்னொன்று: முதல் இரண்டு மாதத்தில் நூற்றுக்கு 5 பங்கு எடை கூடியவர்களிடையே மரணம் பாதிக்கும் கீழே போயிருந்தது. இந்த இரண்டாவது கணக்கு குலுக்கிப் பிரித்துப் பார்த்ததன்று. எடை கூடாதவன் முன்பே மோசமாக இருந்திருக்கலாம். ஆகவே அதை முதல் கணக்குக்குச் சமமாக நாம் மேடையில் முழங்கக் கூடாது. எதிரி கேட்குமுன் நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த முடிவுக்கு அரசுகள் என்ன செய்தன? மத்திய அரசு 2018 ஏப்ரலிலிருந்து சிகிச்சைக் காலத்தில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் 1,000 ஆக்கியது. நிக்ஷய் என்று திட்டத்துக்குப் பெயர். பெயரை வடமொழியில் எண்ணினாலும் பணத்தை ஒழுங்காக எண்ணிக் கொடுத்தால் நாம் சண்டைக்குப் போகவில்லை. 2025க்குள் நோயை ஒழிப்போம் என்று 2018இல் முழங்கினார்கள். 2025 வந்தது, போயிற்று. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். வீட்டாருக்கு உணவு? அதற்குக் கொடையாளர்கள் முன்வந்து கூடை கொடுக்க வேண்டுமாம். கொடையாளர் கொடுக்கட்டும், நன்றி. ஆனால் கிருமியைத் தடுக்கும் என்று நிரூபணமான பொருளைப் புண்ணியவான்களின் மனநிலைக்கு விடுவது என்ன நியாயம்? தடுப்பூசிக்கு உண்டியல் ஏந்துகிறோமா?

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பட்டது. நோய் கண்ட அன்றே எடை போடுகிறார்கள். மூச்சுத் திணறுகிறதா, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மிக மெலிந்தவனை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். குடிசைச் சிகிச்சை வென்றது என்பதற்காக, நிற்க முடியாதவனையும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. கட்டில் வேண்டியவனுக்குக் கட்டில்.

வீட்டாருக்கு என்ன செய்யலாம்? 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று தொடங்கிய நாடு இது. இன்று அரிசி அட்டைக்காரருக்கு விலையில்லா அரிசி உண்டு. ஆகவே அரிசிக் கணக்கில் நாம் பாதி வழி வந்துவிட்டோம். பருப்புக் கணக்கைப் பாருங்கள். ஜார்க்கண்டில் கொடுத்தது ஆளுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ. நோயாளி நீங்கலாக நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 6 கிலோ. நம் நியாயவிலைக் கடையில் மலிவு விலையில் கிடைப்பது அட்டைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு. குறைவது 5 கிலோ. அதுவும் ஆண்டெல்லாம் வேண்டாம். சிகிச்சை நடக்கும் ஆறு மாதம். கடை இருக்கிறது, அட்டை இருக்கிறது, நோயாளியின் பெயர் மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கிறது. நோயாளியின் பெயர் கடையில் எல்லாரும் பார்க்கும்படி வெளியாகாமல் அந்த இரண்டு ஏட்டையும் இணைப்பதுதான் வேலை. கடையில் வரிசையில் நிற்பவர்கள் முன்னால், இவன் சீக்குக்காரன் என்று காட்டிக்கொடுத்து வாங்கவைத்தால் வாங்க வருவோர் இருக்கமாட்டார்கள்.

கல் உடைக்கும் தோழர்கள், பஞ்சாலைத் தோழர்கள், பீடி சுற்றும் தாய்மார் இருக்கும் பகுதிகளில் வேலையை முதலில் தொடங்க வேண்டும். கல்தூசு புகுந்த நுரையீரலில் இந்தக் கிருமி மற்றவர்களைவிட எளிதாகக் குடியேறும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சளிச் சோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது. நாட்கூலி போகிறதே என்பார். அந்த ஒரு நாள் கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். மருந்து தொடங்கியவர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய், மாத்திரை அட்டையைப் பாருங்கள். அவர் கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு வாருங்கள்.

பருப்பு பற்றிய தீர்மானத்தை வட்டக் கூட்டங்களில் நிறைவேற்றி அனுப்பும்போது மூன்று எண்களைத் தவறாமல் எழுதுங்கள்: ஆளுக்கு ஒன்றரைக் கிலோ, ஆறு மாதம், நூற்றுக்கு 39. உணவுத் துறைக்கு ஒரு படி, மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு படி. உங்கள் வட்டத்தில் இவ்வாண்டு எத்தனை பேர் மாத்திரை தின்கிறார்கள், அவர்கள் வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கைப் பெயரில்லாமல், எண்ணிக்கை மட்டும், நமக்கும் எழுதி அனுப்புங்கள். கூட்டிப் பார்த்து இதே பகுதியில் வெளியிடுகிறோம்.